வீட்டில் திடீர்ச் சாவா? கழுவித் துடைக்கும் முன் கொஞ்சம் நில்லுங்கள்

தோட்டத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடி வருவார்கள். ஒருவர் பாயைச் சுருட்டுவார். ஒருவர் தரையைக் கழுவி விடுவார். வாந்தி எடுத்த துணி பின்பக்கத்து நெருப்புக்குப் போகும். குடித்த கிளாஸ் கழுவிக் கவிழ்க்கப்படும். எண்ணெய், சீயக்காய் வைத்துப் பிரேதத்தைக் குளிப்பாட்டிப் புதுத்துணி உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசி நடுவீட்டில் கிடத்தி விடுவார்கள். மறுநாள் மதியத்துக்குள் சுடுகாடு. எல்லாம் அன்பினால் செய்வதுதான். வயதாகி, நோய்வாய்ப்பட்டு, டாக்டர் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் இறந்தால் இதில் ஒரு தவறும் இல்லை.

ஆனால் நேற்று மாலை வரை கடைக்குப் போய் வந்த முப்பது வயதுப் பெண் காலையில் எழுந்திருக்கவில்லை என்றால்? "மருந்து குடிச்சிட்டா", "கால் தவறி விழுந்துட்டா", "பாம்பு தீண்டிடுச்சு" என்று வீட்டுக்காரர் ஒருவர் மட்டும் சொல்கிறார், வேறு யாரும் பார்க்கவில்லை என்றால்? அப்போது நாம் கழுவிய தரையும் எரித்த துணியும் சாதாரணப் பொருள்கள் அல்ல. அந்தப் பெண்ணுக்காகப் பேசக்கூடிய சாட்சிகள் அவைதாம். சாவின் காரணத்தை உடலிலிருந்தும் பொருள்களிலிருந்தும் கண்டுபிடிக்கும் முறைக்குத் தடயவியல் என்று பெயர். அது என்ன செய்யும், அதற்கு நாம் எதை விட்டுவைக்க வேண்டும் என்று இந்த இதழில் பார்ப்போம்.

முதலில் ஒரு உண்மை வழக்கு. பாம்புக்கடி என்றால் நம் தோட்டத்து ஜனங்கள் மேற்கொண்டு ஒன்றும் கேட்க மாட்டார்கள். விதி என்று சொல்லி முடித்துவிடுவார்கள். கேரளாவில் கொல்லம் மாவட்டத்தில் அஞ்சல் என்ற ஊரிலும் முதலில் அப்படித்தான் சொன்னார்கள்.

உத்ரா என்பது அந்தப் பெண்ணின் பெயர். வயது 25. 2018-இல் கலியாணம். நகை, பணம், கார் எல்லாம் கொடுத்துத்தான் கட்டிக்கொடுத்தார்கள். 2020 மார்ச் மாதம் கணவன் வீட்டில் இருந்தபோது அவளைக் கண்ணாடி விரியன் கடித்தது. ஐம்பது நாளுக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து, தாய்வீட்டுக்கு வந்து படுத்திருந்தாள். கால் இன்னும் சரியாகவில்லை. மே 6-ஆம் தேதி கணவனும் அங்கே வந்து தங்கினான். மறுநாள் காலை தாய் போய் எழுப்பினால் மகள் எழவில்லை. அறையில் தேடியபோது ஒரு நாகப்பாம்பு இருந்தது. அதை அடித்துக் கொன்று வீட்டுப் பக்கத்திலேயே புதைத்துவிட்டார்கள்.

இரண்டு மாதத்தில் இரண்டு பாம்பு! சிலர் நாக தோஷம் என்றார்கள். பெற்றோர் அதோடு விட்டுவிடவில்லை. ஏர்கண்டிஷன் போட்டுச் சாத்தியிருந்த அறைக்குள் பாம்பு எப்படி வந்தது? தீண்டின வலியில் மகள் ஏன் ஒரு சத்தம்கூடப் போடவில்லை? பக்கத்தில் படுத்திருந்த மருமகனுக்கு எப்படி ஒன்றும் தெரியாமல் போயிற்று? இந்தக் கேள்விகளோடு போலீஸ் மேலதிகாரியிடம் போய்ப் புகார் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைத் தோட்டத்தில் வாழும் நாம் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். புதைத்த பாம்பைத் தோண்டி எடுத்தார்கள். மனிதனுக்குச் செய்வதுபோல் அந்தப் பாம்புக்கும் பரிசோதனை நடந்தது. ஐந்தடி நீளமான நாகம், பல நாள் இரை தின்னாதது. யாரோ அடைத்து வைத்திருந்த பாம்பு என்பதற்கு அது ஒரு அடையாளம். பிறகு உத்ராவின் கையில் இருந்த இரண்டு கடிகளின் அளவை எடுத்துப் பார்த்தார்கள். பாம்பு தானாகக் கடித்தால் இரண்டு நச்சுப் பல்லின் தழும்புக்கு இடையே ஏறக்குறைய 1.7 சென்டிமீட்டர்தான் இருக்கும். இவள் கையில் இருந்ததோ 2.3, 2.8 சென்டிமீட்டர்.

அது ஏன் என்று கண்டுபிடிக்க வனத்துறைப் பயிற்சி நிலையத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பொம்மையைக் கட்டிலில் கிடத்தி, அதன் கையில் கோழி இறைச்சியைக் கட்டி, உயிருள்ள நாகப்பாம்பை மேலே விட்டார்கள். பாம்பு சுலபத்தில் கடிக்கவில்லை. சீண்டிக் கடிக்க வைத்தபோது தழும்பு குறுகலாகத்தான் இருந்தது. தலையைப் பிடித்து அழுத்திக் கடிக்க வைத்தபோதுதான் தாடை அகன்று தழும்பும் அகலமாக விழுந்தது. உத்ராவின் கையில் இருந்தது இந்த இரண்டாவது வகை.

அவள் ஏன் கத்தவில்லை என்ற கேள்விக்கு அவளுடைய உள்ளுறுப்புகளே பதில் சொல்லின. சவப் பரிசோதனையின்போது எடுத்து வைத்திருந்த மாதிரிகளில் தூக்கம் தரும் மருந்து தெரிந்தது. கணவனின் கைப்பேசியைப் பார்த்தால் பாம்புகளைப் பற்றித் தேடித் தேடிப் பார்த்திருக்கிறான். பாம்பைப் பிடித்துப் பணத்துக்கு விற்றவரும் கோர்ட்டில் சாட்சி சொன்னார். 2021 அக்டோபரில் கொல்லம் நீதிமன்றம் கணவனைக் குற்றவாளி என்று தீர்மானித்து இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது.

இதில் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பாம்புக்கடிதானே என்று சவப் பரிசோதனை இல்லாமல் அன்றைக்கே உடலை எரித்திருந்தால்? பாம்பைப் புதைக்காமல் நெருப்பில் போட்டிருந்தால்? பெற்றோரின் சந்தேகம் வெறும் சந்தேகமாகவே போயிருக்கும். மருமகனும் கருமாதி முடித்துவிட்டு நகையோடு போயிருப்பான்.

"அது கேரளா சமாச்சாரம், நம்ம ஊர்ல இதெல்லாம் எங்கே" என்று சொல்லாதீர்கள். நம் சிலாங்கூரிலேயே 2018 ஜூன் மாதம் முத்தியாரா டாமான்சாராவில் கிரேடில் பண்ட் நிறுவனத் தலைவர் நஸ்ரின் ஹசான் தம் படுக்கையறையில் தீயில் இறந்தார். பக்கத்தில் சார்ஜ் செய்துகொண்டிருந்த கைப்பேசி வெடித்ததுதான் காரணம் என்று முதலில் செய்தி வந்தது. தீயணைப்புப் படையின் தடய நிபுணர்கள் அறையைச் சோதித்தபோது பெட்ரோலின் தடயம் கிடைத்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் போலீஸ் அதைக் கொலை வழக்காக மாற்றியது. ஆனால் அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களை 2022 ஜூனில் ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. தடயம் என்ன நடந்தது என்று காட்டலாம். யார் செய்தது என்பது வேறு கேள்வி, அதைத் தனியாக நிரூபித்தாக வேண்டும். தோட்டத்து வாய்க்கு இந்த வித்தியாசம் தெரியாது. சாவு வீட்டுத் திண்ணையிலேயே விசாரணை நடத்தித் தீர்ப்பும் எழுதிவிடுவோம். இருதயம் நின்று செத்த மருமகளுக்காக மாமியார் ஆயுசு பூராவும் பழி சுமப்பதும் உண்டு. சவப் பரிசோதனை செய்திருந்தால் அந்தக் கிழவியும் தப்பித்திருப்பாள்.

நமக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. புதைத்த உடலை மாஜிஸ்திரேட் உத்தரவின் பேரில் தோண்டி எடுத்துச் சோதிக்கலாம். நாமோ பெரும்பாலும் எரிப்பவர்கள். சாம்பலில் விஷம் தேட முடியாது, காயம் தேட முடியாது. ஆகவே சந்தேகம் எழுவதாக இருந்தால் அது பாடை கட்டுவதற்கு முன்பே எழுந்தாக வேண்டும்.

சரி, ஒரு உடல் என்னதான் சொல்லும்? இருதயம் நின்றவுடன் இரத்தம் கீழ்ப்பக்கம் இறங்கித் தேங்கும். மல்லாந்து கிடந்தவருக்கு முதுகில் ஊதா நிறமாகத் தெரியும். சில மணி நேரம் போனால் அந்த நிறம் நிலைத்துவிடும், பிறகு புரட்டினாலும் எளிதில் மாறாது. கட்டிலில் மல்லாந்து கிடக்கும் ஒருவருக்கு நெஞ்சிலும் முகத்திலும் ஊதா நிறம் இருந்தால், அவர் வேறு எங்கேயோ குப்புறக் கிடந்து இறந்திருக்கிறார், பிறகு யாரோ கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள் என்று டாக்டர் யோசிப்பார். உடம்பின் சூடு, விறைப்பு இவற்றை வைத்து இறந்த நேரத்தை ஓரளவு சொல்லலாம். அதனால்தான் உடலை நிமிர்த்தி, கைகால் நீட்டிக் கட்டி, குளிப்பாட்டுவதற்கு முன்பாக டாக்டரோ போலீஸோ பார்க்க வேண்டும் என்கிறோம். போராடியவருடைய நகத்துக்கு அடியில் அடுத்தவரின் தோல் இருக்கலாம். ஒரு செம்பு சீயக்காய்த் தண்ணீரில் அது போய்விடும்.

தீயில் இறந்தவருக்கு மூச்சுக்குழாயைப் பார்ப்பார்கள். அதில் கரி படிந்திருந்தால் தீப்பிடித்தபோது அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார் என்று பொருள். கரியே இல்லை, இரத்தத்தில் புகையும் சேரவில்லை என்றால் தீக்கு முன்பே உயிர் போயிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

தூக்கில் தொங்கியவரைப் பார்த்தால் முதல் வேலை அவரைக் காப்பாற்றுவதுதான். உடம்பில் சூடு இருந்தால் ஒரு வினாடியும் தாமதிக்காமல் தாங்கிப் பிடித்து இறக்குங்கள், 999-க்கு அழையுங்கள். ஆனால் கயிற்றை அறுக்கும்போது முடிச்சுக்கு மேலே அறுங்கள். முடிச்சை அவிழ்க்காதீர்கள், கயிற்றைத் தூக்கி எறியாதீர்கள். தானாகத் தொங்கினால் கழுத்துத் தழும்பு பொதுவாக முடிச்சுப் பக்கமாகச் சரிந்து மேலே ஏறும். பின்னாலிருந்து இறுக்கினால் பெரும்பாலும் கழுத்தைச் சுற்றி மட்டமாக விழும். முடிச்சைப் போட்டது யார் என்பதற்கும் அந்த முடிச்சே துப்புக் கொடுக்கும்.

விஷத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் வேலையோடு ஒட்டியது. நம் தாத்தா காலத்தில் இரப்பர்த் தோட்டங்களில் புல்லுக்கு அடித்தது சோடியம் ஆர்சனைட், அதாவது பாஷாணம். மாடுகள் செத்தன, மனிதர்களும் செத்தார்கள். பாஷாணம் முடியிலும் நகத்திலும் சேர்ந்துவிடும். அதனால் நெடுநாள் கழித்துத் தோண்டி எடுத்த உடலிலும் கண்டுபிடிக்கலாம். அதற்குப் பின் 1960-களில் பாராகுவாட் வந்தது. 'கிராமக்சோன்' என்று போத்தலில் வந்ததே, அதுதான். இந்நாட்டில் அதை 2002-இல் தடை செய்வதாகச் சொல்லி, 2006-இல் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதி முழுமையாகத் தடை செய்தார்கள். ஆனாலும் பழைய போத்தல் ஏதாவது ஒரு வீட்டின் பின்கட்டில் கிடக்கக்கூடும். இருந்தால் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் எடுத்து ஒப்படைத்துவிடுங்கள்.

பாராகுவாட் உடனே கொல்லாத விஷம். குடித்தவருக்கு முதல் இரண்டு நாள் வாயும் தொண்டையும் வெந்து புண்ணாகும். பிறகு சிறுநீர் குறையும். ஆள் எழுந்து பேசிக்கொண்டிருப்பார், தேறிவிட்டார் என்று நினைப்போம். ஒரு வாரம், பத்து நாள், சில சமயம் அதற்கும் மேல் போய் நுரையீரல் இறுகி மூச்சு அடைத்துச் சாவார். "வாய்ப்புண் வந்தது, அப்புறம் ஆஸ்துமா மாதிரி இழுத்தது, போய்ட்டாரு" என்று சொன்னால் யார் விஷத்தை நினைப்பார்கள்? ஆனால் கண்டுபிடிப்பது கடினமல்ல. ஆரம்ப நாள்களில் எடுத்த சிறுநீரில் ஒரு இரசாயனத்தைச் சேர்த்தால் நீலநிறம் காட்டும். ஆகவே வாயில் புண்ணோடு யாராவது மருத்துவமனைக்குப் போனால் மறைக்காமல் சொல்லுங்கள். அவரே குடித்திருந்தாலும் சரி, யாரோ காப்பியில் கலந்திருக்கலாம் என்ற பயம் இருந்தாலும் சரி, டாக்டரிடம் சொல்வதில் வெட்கம் வேண்டாம்.

பூச்சி மருந்தில் ஒரு வகை வேறு விதமாகக் கொல்லும். கண்ணின் கருமணி ஊசிமுனை போல் சுருங்கும், எச்சில் நுரைத்து வழியும், வேர்வை கொட்டும், மூச்சு திணறும். இது மணிக்கணக்கில் முடிந்துவிடும். வாயோரத்து நுரையும் சட்டைக் காலரில் சிந்தியதும் தலையணை உறையும் இங்கே முக்கியம். அதைத்தான் நாம் முதலில் துவைக்கப் போடுகிறோம்!

இப்போது சட்டத்துக்கு வருவோம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி, திடீர்ச் சாவோ, இயற்கைக்கு மாறான சாவோ, சந்தேகத்துக்குரிய சாவோ தெரிந்தவர் அதைப் பக்கத்துக் காவல் நிலையத்திலோ பெங்ஹுலுவிடமோ உடனே தெரிவிக்க வேண்டும். 329-ஆம் பிரிவின்படி தற்கொலை, கொலை, விபத்து, இயந்திரம், விலங்கு இவற்றால் வந்த சாவையும், காரணம் தெரியாத சாவையும் போலீஸ் விசாரித்தாக வேண்டும். பாம்புக்கடியும் இதில் அடங்கும் என்பதைக் கவனியுங்கள். அசாம் ஜாவாவிலோ ஈஜோக்கிலோ ஜெராமிலோ வீட்டில் ஒருவர் இறந்தால் அடக்கத்துக்குப் பெர்மிட் வாங்க எப்படியும் காவல் நிலையத்துக்குப் போகத்தான் வேண்டும். அந்த மேசை முன்னால் நின்றுகொண்டு, சீக்கிரம் முடியட்டும் என்று "ரொம்ப நாளா சீக்கு" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடாதீர்கள். மனதில் சந்தேகம் இருந்தால் சொல்ல வேண்டிய இடம் அதுதான். கணவன்தான் சொல்ல வேண்டும் என்று இல்லை. தாய் சொல்லலாம், அண்ணன் சொல்லலாம், பக்கத்து வீட்டுக்காரரும் சொல்லலாம்.

போலீஸ் உத்தரவிட்டால் சவப் பரிசோதனைக்குக் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை. நம்மவர்கள் இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். "அறுத்துக் கூறு போட்டு மூட்டையாக் குடுப்பாங்க" என்ற பேச்சு இன்னும் போகவில்லை. உண்மை அப்படியில்லை. முதலில் உடலை வெளியே தலைமுதல் கால்வரை பார்த்துக் காயங்களை அளந்து படம் எடுப்பார்கள். பிறகு உடலைத் திறந்து உறுப்புகளைப் பார்ப்பார்கள். இரத்தம், சிறுநீர், இரைப்பையில் உள்ளது, கல்லீரலில் கொஞ்சம் என்று மாதிரி எடுத்து முத்திரை வைத்து இரசாயன இலாகாவுக்கு அனுப்புவார்கள். பிறகு தைத்துக் கொடுப்பார்கள். உடை உடுத்தி மாலை போட்டால் தையல் வெளியே தெரியாது. முகம் பார்க்கலாம், வாய்க்கரிசி போடலாம், எல்லாச் சடங்கும் செய்யலாம். ஒரு நாள் தாமதமாகும், அவ்வளவுதான்.

முதல் பரிசோதனையின் முடிவில் நம்பிக்கை இல்லாவிட்டால் இரண்டாவது பரிசோதனை கேட்கலாம். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா காவல் நிலையம் ஒன்றில் இறந்த குகன் வழக்கு உங்களுக்கு நினைவிருக்கும். அது வீட்டில் நடந்த சாவு அல்ல, ஆனாலும் நமக்குப் பாடமானது. முதல் பரிசோதனை நுரையீரலில் நீர் கோத்தது காரணம் என்றது. குடும்பத்தார் உடலில் இருந்த காயங்களைப் படம் எடுத்து, இரண்டாவது பரிசோதனைக்காகப் போராடினார்கள். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த அந்தப் பரிசோதனை, அடியினால் தசை சிதைந்து சிறுநீரகம் செயலிழந்தது என்று காட்டியது. 2013-இல் உயர் நீதிமன்றம் குடும்பத்துக்கு எட்டு லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. உடலை அவசரப்பட்டு அடக்கம் செய்யாமல் வைத்திருந்ததால்தான் இது நடந்தது.

இனி உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒன்று நேர்ந்தால் செய்ய வேண்டியது என்ன? உயிர் இருக்கிறதா என்று பாருங்கள், சந்தேகமாக இருந்தால்கூட 999-க்கு அழையுங்கள். உயிர் இல்லை என்று நிச்சயமானால் அறையை விட்டு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்துங்கள். நம்பிக்கையான ஒருவர் வாசலில் நிற்கட்டும். அழுகிறவர்களை வெளியே உட்கார வையுங்கள். கிளாஸ், போத்தல், மாத்திரை அட்டை, வாந்தி, துணி எதையும் தொடாதீர்கள். அதை எடுத்துப் பொட்டலம் கட்டுவதும் போலீஸின் வேலை, நம் வேலை அல்ல. பாம்பையோ பூரானையோ அடித்திருந்தால் எரிக்காமல் ஒரு வாளிக்குள் மூடி வையுங்கள். செத்த பாம்பின் தலையும் விஷத்தை ஏற்றும், ஆகையால் கையால் தொடாமல் கம்பினால் தள்ளுங்கள். இறந்தவரின் கைப்பேசியை யாரும் எடுத்து நோண்ட வேண்டாம். கடைசியாக அவரை யார் பார்த்தது, எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டார் என்பதை மறப்பதற்குள் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

உடலைத் தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கோ, சந்தேகம் பலமாக இருந்தால் சுங்கை பூலோ போன்ற தடயவியல் டாக்டர்கள் உள்ள பெரிய மருத்துவமனைக்கோ கொண்டு போவார்கள். இறந்தவர் முன்பு கிளினிக்குக்குப் போன அட்டைகள் இருந்தால் தேடி எடுத்துக் கொடுங்கள். ஒரே ஆண்டில் மூன்று முறை "மாடிப்படியில் விழுந்த" பெண்ணின் அட்டையில் படிக்கத் தெரிந்தவருக்கு நிறையச் சேதி இருக்கிறது. அப்படி ஒரு அட்டை உயிரோடு இருக்கும் பெண்ணிடம் இருப்பதை நீங்கள் பார்த்தால், சாவுவரை காத்திருக்க வேண்டாம். தாலியான் காசே 15999 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

போலீஸ் ரிப்போர்ட்டின் ஒரு பிரதியையும், விசாரிக்கும் அதிகாரியின் பெயரையும் கேட்டு வாங்கி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். இரசாயன இலாகாவின் முடிவு வர மாதக்கணக்கில் ஆகலாம். வந்ததா என்று நீங்கள்தான் போய்ப் போய்க் கேட்க வேண்டியிருக்கும். மலாய் எழுத வராது, ஆபீசில் பேசத் தயக்கம் என்றால் தொழிற்சங்கக் கிளைச் செயலாளரையோ படித்த பிள்ளை ஒருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள், ரிப்போர்ட் எண்ணை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.